பழைய பிளாக்கை பின்னூட்டத்தோட சேர்த்து எடுத்து வைக்கிறது எப்படி

சித்தப்பா தவறி, காரியமெல்லாம் முடிஞ்ச மறுவாரமே அவரோட செல் நம்பரை சரண்டர் பண்ணிட்டாங்க, யாரும் பேசாத நம்பருக்கு மாசாமாசம் ரீசார்ஜ் எதுக்குன்னு வீட்ல எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுதான், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆறு மாசம் கழிச்சு அவர் பிளாக்கை திறந்து எல்லாத்தையும் எடுத்து வைக்கலாம்னு நான் உக்காந்தேன். பாஸ்வேர்ட் டைரியில இருக்கு, அழகா எழுதி அடிக்கோடு போட்டு வச்சிருக்காரு. ஆனா கூகுள் ஓடிபியை அந்த நம்பருக்குத்தான் அனுப்புது. போதாக்குறைக்கு பிளாக்குக்குன்னு ஆசையா காசு கட்டி வாங்கின சொந்த டொமைனும் புதுப்பிக்க ஆளில்லாம கைமாறிப் போயிருச்சு, அந்த முகவரியை தட்டினா ரம்மி விளம்பரம் வருது. 2005ல இருந்து 2013 வரைக்கும் எழுதின மனுஷன்.

அன்னைக்கு ஆரம்பிச்சு நாலஞ்சு மாசம் மல்லுக்கட்டி முக்கால்வாசியை மீட்டோம். அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க பிளாக் ஏழெட்டுக்கு இதே வேலையை செஞ்சு குடுத்திருக்கேன். எது நடக்கும் எது நடக்காதுன்னு கைப்பட தெரிஞ்சதை மட்டும் இங்க எழுதுறேன். உங்களுக்கு ஒரு பழைய பிளாக் இருந்தா, இல்ல உங்க அப்பா, அத்தை, வாத்தியார், காலேஜ் சீனியர் யாராவது அந்தக் காலத்துல எழுதினவங்கன்னா இதை முழுசா படிங்க.

அந்தக் காலம்னா, எல்லார் பிளாக்கோட புதுப் பதிவையும் ஒரே இடத்துல காட்டுற தமிழ்மணம் திரட்டியை காசி ஆறுமுகம் 2004ல ஆரம்பிச்சதுல இருந்து எல்லாரும் ஃபேஸ்புக்குக்கு குடிபெயர்ந்தது வரைக்கும்னு வச்சுக்கலாம். பதிவர் சந்திப்பு, மீள்பதிவு, தொடர்பதிவுக்கு அஞ்சு பேரை கூப்பிடுறது, நட்சத்திர வாரம், அனானி சண்டை, "மீ த ஃபர்ஸ்ட்டு", நூறு பின்னூட்டம் (கமென்ட்) தாண்டினா கும்மின்னு ஒரு தனி உலகமே இருந்துச்சு. சுனாமி வந்த வாரத்துல, ஈழப் போர் முடிஞ்ச 2009 மே மாசத்துல, சாதாரண ஜனங்க தமிழ்ல என்ன நினைச்சாங்க, எதுக்கு அழுதாங்கன்னு பத்திரிகைக்காரங்க கை படாம பதிவாகி இருக்குற இடம் அது. பாட்டி வைத்தியம், ஊர்த் திருவிழா, முதல் தடவை துபாய் போன கதை, ஹாஸ்டல் சாப்பாடு எல்லாமே இருக்கு, புத்தகத்துல வராத தமிழ் அது. அப்ப இருந்த திரட்டிங்கல்லாம் ஒண்ணொண்ணா ஓஞ்சு போச்சு, பிடிச்ச பிளாக்கையெல்லாம் ஒரே இடத்துல படிக்க உதவுன கூகுள் ரீடரை 2013 ஜூலையில மூடிட்டாங்க, அதோட பழைய பிளாக்குக்கு போற பாதையே புல் மண்டிப் போச்சு. பதிவுங்க மட்டும் எங்கேயோ ஒரு சர்வர்ல உக்காந்திருக்கு. எத்தனை நாளைக்குன்னு நம்ம கையில இல்ல. இலவசமா வெப்சைட் வைக்க இடம் குடுத்த ஜியோசிட்டீஸை 2009ல மூடினாங்க, யாகூ குரூப்ஸை 2020 டிசம்பர்ல மூடினாங்க, ரெண்டுலயும் தமிழ் ஏராளமா இருந்துச்சு.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் கேள்வி, லாகின் ஆக முடியுதா இல்லையா. முடியுதுன்னா நீங்க கொடுத்து வச்சவங்க, பாதி வேலை அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். எந்த மெயில் ஐடியில பிளாக் ஆரம்பிச்சாங்கன்னே நிறைய பேருக்கு மறந்திருக்கும், ஏன்னா 2006 வரைக்கும் பிளாக்கருக்குன்னு (பிளாக்ஸ்பாட் முகவரியில இலவசமா பிளாக் நடத்த கூகுள் குடுக்குற சேவை) தனி யூசர்நேம் இருந்துச்சு, அப்புறம்தான் கூகுள் கணக்குக்கு மாத்தினாங்க, அப்ப சில பேரு யாகூ, ரெடிஃப் ஐடியை வச்சே கூகுள் கணக்கு ஆரம்பிச்சாங்க. அதனால ஜிமெயிலை மட்டும் தட்டிப் பாத்துட்டு விட்றாதீங்க. பழைய மெயில் பெட்டிகள்ல "பிளாக்கர்"னு தேடினா பின்னூட்டம் வந்ததுக்கான அறிவிப்பு மெயில் குவிஞ்சு கிடக்கும், அது எந்தப் பெட்டிக்கு வந்துச்சோ அனேகமா அதுதான் சாவி. அந்த மெயில்களை அழிச்சிறாதீங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

உள்ள போனதும் முதல்ல மீட்பு போன் நம்பரும் மீட்பு மெயிலும் இப்ப கையில இருக்குறதுதானான்னு பாத்து மாத்துங்க. ரெண்டு வருஷம் தொடாம கிடக்குற தனிநபர் கணக்கை அழிக்கலாம்னு கூகுள் 2023லயே விதி கொண்டு வந்துட்டாங்க, அதனால லாகின் ஆனதே ஒரு நல்ல காரியம்தான்.

அடுத்து கூகுள் டேக்அவுட், கூகுள்ல நாம போட்டு வச்சதையெல்லாம் மொத்தமா இறக்கிக்கிற இடம். தேடினா முதல்லயே வரும். உள்ள போனா கூகுளோட எல்லா சர்வீசும் டிக் ஆகி நிக்கும், அப்படியே விட்டா உங்க ஜிமெயில், போட்டோ எல்லாம் சேர்த்து பல ஜிபி கட்டி அனுப்பும், அதனால மொத்தத்தையும் எடுத்துட்டு பிளாக்கர் மட்டும் டிக் பண்ணுங்க. ஜிப் ஃபைலா கேளுங்க. கொஞ்ச நேரத்துல மெயில்ல லிங்க் வரும், சில சமயம் ஒரு நாள் கூட ஆகும். அந்த லிங்க் ஒரு வாரம் போல தான் உயிரோட இருக்கும், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டீங்கன்னா மறுபடி முதல்ல இருந்து வரணும். பிளாக்கர் செட்டிங்ஸ்லயே பேக்கப்னு ஒண்ணு உண்டு, முன்னாடி அதுல நேரா எடுத்த ஃபைல்லயும் பதிவு, பக்கம், பின்னூட்டம் வந்துச்சு, ஆனா படங்கள் வரல, படத்தோட முகவரி மட்டும்தான் வந்துச்சு. டேக்அவுட்ல வர்ற ஜிப்பை விரிச்சா ஆல்பம்னு தனி ஃபோல்டர்ல படங்களும் இருக்கும், அதுக்காகவே டேக்அவுட்டை முதல்ல செய்யச் சொல்றேன்.

அதுலயும் ஒரு விஷயம் கவனிங்க. பிளாக்கர்லயே ஏத்தின படம்தான் வரும். அந்தக் காலத்துல போட்டோபக்கெட், டைனிபிக் மாதிரி இடத்துல படத்தை ஏத்திட்டு லிங்க் மட்டும் பதிவுல ஒட்டுறது ரொம்ப சகஜம். போட்டோபக்கெட் 2017ல வெளி சைட்டுல படம் காட்டுறதுக்கு காசு கேட்டுச்சு, டைனிபிக் 2019ல மூடிருச்சு, அதனால அப்படி ஒட்டின படம் எல்லாம் இப்ப உடைஞ்ச கட்டமாத்தான் தெரியும். வீட்டு கம்ப்யூட்டர்ல, பழைய சிடியில ஒரிஜினல் இருக்கான்னு பாருங்க, சித்தப்பா விஷயத்துல அப்பாவோட பீரோல இருந்த ரெண்டு சிடியில பாதி படம் கிடைச்சுச்சு. இன்னொண்ணு, பிளாக்கர்ல பதிவுக்குள்ள தெரியுற படம் சின்னதாத்தான் இருக்கும், அந்தப் படத்தோட முகவரியைப் பாத்தா நடுவுல எஸ்ங்குற எழுத்தும் 320ன்னோ 400ன்னோ ஒரு நம்பரும் இருக்கும், அந்த நம்பரை அழிச்சிட்டு 0ன்னு போட்டா ஏத்துனப்ப இருந்த முழு சைஸ் படம் வந்துரும். கல்யாண போட்டோல யாரு யாருன்னே தெரியாம இருந்தது, இதை செஞ்சதும் பின்னாடி நிக்கிற பெரியம்மா மூஞ்சி வரைக்கும் தெளிவா தெரிஞ்சுச்சு.

இப்ப லாகின் இல்லாதவங்க. கணக்கு வச்சிருந்தவர் காலமாகிட்டாருன்னா கூகுளுக்கு குடும்பத்துல இருந்து விண்ணப்பம் போட தனி ஃபார்ம் இருக்கு, இறப்புச் சான்றிதழ், உங்க அடையாள அட்டை எல்லாம் கேப்பாங்க, பாஸ்வேர்டை எக்காரணம் கொண்டும் குடுக்க மாட்டாங்க, சில சூழ்நிலையில உள்ள இருக்குறதை மட்டும் எடுத்துக் குடுக்கலாம்னு சொல்றாங்க. அதுக்காக காத்திருக்குற நேரத்துல வெளியில இருந்து எடுக்கக் கூடியதை எடுத்துருங்க.

பிளாக் இன்னும் திறக்குதுன்னா அதோட ஓடையை, அதாவது பதிவுகளை வரிசையா குடுக்குற ஃபீடைப் பிடிங்க. பிளாக் முகவரிக்குப் பின்னாடி சாய்கோடு போட்டு ஃபீட்ஸ், மறுபடி சாய்கோடு போட்டு போஸ்ட்ஸ், மறுபடி சாய்கோடு போட்டு டிஃபால்ட்னு இங்கிலீஷ்ல தட்டினா பதிவெல்லாம் வரிசையா கொட்டும், போஸ்ட்ஸுக்கு பதிலா கமென்ட்ஸ்னு தட்டினா பின்னூட்டம் கொட்டும். ஒரே மூச்சுல எல்லாம் வராது, ஸ்டார்ட் இண்டெக்ஸ், மேக்ஸ் ரிசல்ட்ஸ்னு ரெண்டு சொல்லை சேர்த்து நூறு நூறா கேட்டு வாங்கணும். எழுதினவரு ஓடையில முழுப் பதிவும் தெரியற மாதிரி வச்சிருந்தாத்தான் இது உதவும், முதல் நாலு வரி மட்டும் தெரியற மாதிரி வச்சிருந்தா எச்டிடிராக் மாதிரி ஒரு இலவச சாஃப்ட்வேரை போட்டு பக்கம் பக்கமா மொத்த பிளாக்கையும் இறக்கிக்கலாம். ராத்திரி ஓட விட்டு தூங்கிருங்க. லேபிள் பக்கம், மாசவாரி பக்கம்னு ஒரே பதிவு நாலு தடவை வந்து நிக்கும், அது பரவால்ல, குறையாம வந்தா போதும்.

பிளாக்கே திறக்கலைன்னா உடனே மனசை விட்றாதீங்க, மொதல்ல முகவரியை பாருங்க. இது ரொம்ப பேருக்கு தெரியாது: இந்தியாவுல இருந்து பாக்குறவங்களுக்கு 2012ல இருந்து சில வருஷம் கூகுள் தானாவே பிளாக்ஸ்பாட் டாட் காமை பிளாக்ஸ்பாட் டாட் இன்னு மாத்திக் காட்டுச்சு, அதனால அந்த சமயத்துல காப்பி பண்ணி வச்ச லிங்க் எல்லாம் டாட் இன்னுல முடியும், அந்த டாட் இன் டொமைன் 2020ல கூகுள் கையை விட்டே போயிருச்சு. அதனால பழைய லிங்க் செத்துப் போன மாதிரி தெரிஞ்சா கடைசியில இன்னை அழிச்சிட்டு காம்னு போட்டுப் பாருங்க, பாதி பிளாக் அங்கேயே உசுரோட இருக்கும். என் ஃபிரண்டு ஒருத்தி தன்னோட பிளாக்கே அழிஞ்சிருச்சுன்னு மூணு வருஷமா நினைச்சிட்டு இருந்தா, போன்ல பேசிக்கிட்டே ரெண்டு எழுத்தை மாத்தச் சொன்னேன், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

சொந்த டொமைன் வாங்கி அது போயிருச்சுன்னா, லாகின் இருந்தா கவலையே இல்ல, செட்டிங்ஸ்ல அந்த டொமைனை எடுத்து விட்டா பிளாக் பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கே திரும்பிரும், ஒரு பதிவும் போகாது. லாகின் இல்லாட்டி பிளாக்ஸ்பாட் முகவரியைத் தட்டினாலும் அந்த செத்த டொமைனுக்கே கொண்டு போய் விடும். சித்தப்பா பிளாக் மாட்டினது இந்த இடத்துலதான்.

அப்ப கடைசி கதவு வேபேக் மெஷின். இன்டர்நெட் ஆர்க்கைவ்னு 1996ல இருந்து இணையப் பக்கங்களை படம் பிடிச்ச மாதிரி சேத்து வைக்கிற ஒரு அமைப்பு, லாப நோக்கம் இல்லாதது, அவங்க 2001ல இதை எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. பிளாக் முகவரியை அங்க போட்டா எந்தெந்த தேதியில படம் எடுத்திருக்காங்கன்னு காலண்டர் வரும். நிறைய பேரு முகப்பை மட்டும் பாத்துட்டு அவ்வளவுதான்னு போயிருவாங்க. அப்படிப் போகாதீங்க. முகவரியோட கடைசியில சாய்கோடும் ஒரு நட்சத்திரக் குறியும் போட்டுத் தேடினா அந்த பிளாக்ல இருந்து அவங்க எடுத்து வச்ச எல்லா பக்கத்தோட பட்டியலும் வரும், தனித்தனி பதிவு, மாசக் கோப்பு, படம் எல்லாம். பிளாக்ஸ்பாட் டாட் காம், டாட் இன், சொந்த டொமைன் மூணுக்கும் தனித்தனியா தேடணும், ஏன்னா ஒண்ணுல இல்லாதது இன்னொண்ணுல இருக்கும். எங்களுக்கு 2011 பதிவு முழுக்க சொந்த டொமைன் பேர்ல கிடைச்சுச்சு, 2007 எல்லாம் பிளாக்ஸ்பாட் பேர்ல. தனிப் பதிவு இல்லாத இடத்துல மாசக் கோப்புப் பக்கத்தை திறந்தா அந்த மாசம் எழுதின அத்தனையும் ஒரே பக்கத்துல இருக்கும், பின்னூட்டம் மட்டும் இருக்காது.

பின்னூட்டம்னு சொன்னேன்ல, அதுக்கு வர்றேன். பேக்கப் எடுக்குற எல்லாரும் பதிவுதானே முக்கியம்னு பின்னூட்டத்தை விட்டுருவாங்க, நானும் முதல்ல அப்படித்தான் செஞ்சேன், அது பெரிய தப்பு. சித்தப்பா கருவாட்டுக் குழம்பு பத்தி ஒரு பதிவு போட்டிருந்தாரு, பத்து வரிதான், சுமாரான பதிவுன்னு கூட சொல்லலாம். கீழ முப்பத்திச் சொச்சம் பின்னூட்டம். ஒருத்தர் ஷார்ஜாவுல இருந்து, "அண்ணே வெங்காயத்தை நறுக்கக் கூடாது, அம்மிக்கல்லுல ஒரு தட்டு தட்டிப் போடணும், எங்காத்தா அப்படித்தான் செய்யும், ரூம்ல அம்மி இல்ல, டம்ளர் அடியில தட்டிக்கிறேன்"னு எழுதியிருக்காரு. அதுக்கு சித்தப்பா ராத்திரி ஒன்றரை மணிக்கு பதில் போட்டிருக்காரு, "தம்பி, நீ சொன்ன மாதிரி இன்னைக்கு செஞ்சு பாத்தேன், எங்கம்மா கைமணம் வந்துருச்சு, பதிவை திருத்த மனசில்ல, உன் பின்னூட்டம் அப்படியே இருக்கட்டும்". அந்தக் குழம்போட சரியான செய்முறை பதிவுல இல்ல, பின்னூட்டத்துலதான் இருக்கு. அப்பா அதை படிச்சிட்டு மூக்குக்கண்ணாடியை கழட்டி வச்சிட்டாரு.

அதனால பின்னூட்டத்தை நேரம், பேரு, பதில் வரிசை எதுவும் கலையாம எடுங்க. பிளாக்கர் பின்னூட்டம்னா பேக்கப் ஃபைல்ல தானா வந்துரும். ஆனா கொஞ்ச நாள் பிளாக்கர்ல கூகுள் பிளஸ் பின்னூட்டம்னு ஒரு வசதி இருந்துச்சு, 2019 ஏப்ரல்ல கூகுள் பிளஸை மூடினப்ப அதுல போட்டதெல்லாம் போயிருச்சு. அதே மாதிரி ரொம்ப ஆரம்ப காலத்துல ஹாலோஸ்கேன்னு ஒரு வெளி சர்வீசை பின்னூட்டத்துக்கு ஒட்டிக்குவாங்க, அதுவும் இப்ப இல்ல. இந்த இடத்துலதான் நான் அழிக்காதீங்கன்னு சொன்ன அறிவிப்பு மெயில் கை கொடுக்கும், அந்த மெயில்லயே பின்னூட்டம் முழுசா இருக்கும், யார் எப்ப போட்டாங்கன்னும் இருக்கும். ஒவ்வொண்ணா எடுத்து ஒட்டணும், வேலை பிடிக்கும், ஆனா நடக்கும்.

இப்ப எழுத்துரு சமாச்சாரம். 2003, 2004 வாக்குல எழுதின சில பிளாக், அதுக்கும் முந்தின வெப்சைட் எல்லாம் இப்ப எல்லா கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் புரியுற பொது எழுத்துமுறையான யூனிகோட்ல இருக்காது, திறந்தா புரியாத குறியா கொட்டும். கெட்டுப் போன ஃபைல்னு நினைச்சு தூக்கிப் போட்றாதீங்க, உள்ள தமிழ் பத்திரமா இருக்கு. குறியை உத்துப் பாத்தாலே எந்த எழுத்துருன்னு சொல்லிரலாம். தமிழ்ங்குற சொல் எப்படியும் எங்கயாவது வரும்ல, அதைத் தேடுங்க. முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்துல முக்கால்ங்குற பின்னக் குறியும், மி-யோட கொக்கி இருக்க வேண்டிய இடத்துல செண்ட் காசுக் குறியும் தெரிஞ்சா அது திஸ்கி. ஜே, கே, பி, ஓ அப்புறம் ஒரு அரைப்புள்ளின்னு வெறும் இங்கிலீஷ் எழுத்தா தெரிஞ்சா அது பாமினி, ஈழத்து நண்பர்கள் எழுதினது நிறைய இதுலதான் இருக்கும். என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாங்குறவரு உருவாக்கின பொங்குதமிழ் இந்த ரெண்டுமே மாத்திக் குடுக்கும், கோடிங் தெரிஞ்சவங்கன்னா பைதான்ல ஓப்பன் தமிழ்னு ஒரு தொகுப்பு இருக்கு, அதுல திஸ்கியை மாத்துற வசதி இருக்கு.

திஸ்கின்னா இங்கிலீஷ் வார்த்தை கலந்திருந்தாலும் அது பாட்டுக்கு அப்படியே நிக்கும். பாமினியில அப்படி இல்ல, இங்கிலீஷ் எழுத்தோட இடத்தைத்தான் தமிழ் எடுத்துக்கிட்டிருக்கு, அதனால மொத்தமா தூக்கிப் போட்டு மாத்தினா நடுவுல இருக்குற இங்கிலீஷ் பேரு, முகவரி எல்லாம் உளறலா மாறிரும். பத்தி பத்தியா மாத்துங்க, பக்கத்துலயே ஒரிஜினலை வச்சிக்கிட்டு. மாத்தின பிறகும் ஒரிஜினலை அழிக்கக் கூடாது. யூனிகோட்லயே எழுதினதுலயும் கௌ வர்ற இடத்துல கெ போட்டு ள போட்டு ஒப்பேத்தினது நிறைய இருக்கும், பாக்க சரியா இருக்கும், தேடினா வராது. அதை திருத்துறது உங்க இஷ்டம், நான் திருத்தாம ஒரு பிரதியும் திருத்தி ஒரு பிரதியும் வச்சுக்குவேன்.

எடுத்தாச்சு, எங்க வைக்கிறது? தமிழ் எழுத்து யூனிகோட்ல ஒண்ணுக்கு மூணு பைட்டு எடுக்கும், கொம்பு, கால், புள்ளிக்கெல்லாம் தனி மூணு, அப்படி இருந்தும் ஆயிரம் பதிவோட எழுத்து மட்டும் கணக்குப் போட்டா ஒரு வாட்ஸ்அப் வீடியோ அளவுதான் வரும். இடம் ஒரு பிரச்சனையே இல்ல. அதனால மூணு பிரதி வைங்க, வீட்ல ஒரு ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, டிரைவ் மாதிரி ஆன்லைன்ல ஒண்ணு, வேற ஊர்ல இருக்குற தங்கச்சி வீட்லயோ மச்சான் வீட்லயோ ஒண்ணு. பென்டிரைவை மட்டும் நம்பாதீங்க. உங்க பிளாக் இன்னும் உயிரோட இருக்குன்னா வேபேக் மெஷின்ல சேவ் பேஜ் நவ்னு இருக்குற கட்டத்துல முகவரியைப் போட்டு ஒவ்வொரு மாசக் கோப்பையும் ஏத்தி விடுங்க, இலவச கணக்கு ஒண்ணு ஆரம்பிச்சா ஒரு பக்கத்துல இருக்குற லிங்க்குகளையும் சேர்த்து எடுக்கச் சொல்லலாம்.

மறுபடி வெளியில போடணும்னா, வேர்ட்பிரஸ்ல பிளாக்கர் ஃபைலை அப்படியே உள்ள இழுத்துக்கிற வசதி இருக்கு, பின்னூட்டமும் சேர்ந்தே வரும். மின்னூலாக்கணும்னு ஆசை இருந்தா ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்னு தன்னார்வலர்கள் நடத்துற தளம் இருக்கு, யாரும் இலவசமா பகிர்ந்துக்கலாம்ங்குற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல குடுக்க சம்மதம்னா சேர்த்துக்குவாங்க. சம்மதம்ங்குறது முக்கியம். இந்தியாவுல எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்புரிமை வாரிசுக்குத்தான், அதனால அடுத்தவங்க பிளாக்கை பாதுகாக்குறேன்னு எடுத்து வச்சுக்கலாம், கேக்காம வெளியிடக் கூடாது. பின்னூட்டம் போட்டவங்களும் அதை ஒரு சின்ன வட்டத்துல பேசுறதா நினைச்சு பேசினவங்க, மெயில் ஐடி, போன் நம்பர், வீட்டு விவரம் இருந்தா வெளியிடுற பிரதியில எடுத்துருங்க.

இன்னொரு வேலை, அஞ்சு நிமிஷம்தான் ஆகும். கூகுள் கணக்குல இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு, இத்தனை மாசம் நான் வரலைன்னா இவருக்கு தகவல் சொல்லு, இதையெல்லாம் எடுத்துக்க அனுமதி குடுன்னு முன்கூட்டியே எழுதி வைக்கிறது. மூணு மாசத்துல இருந்து பதினெட்டு மாசம் வரைக்கும் கெடு வைக்கலாம், பத்து பேரு வரைக்கும் சேர்க்கலாம், அதுல பிளாக்கரையும் டிக் பண்ணி விடுங்க. சித்தப்பா இதை செஞ்சிருந்தா நாங்க ஒரு பதிவைக்கூட இழந்திருக்க மாட்டோம். வயசானவங்க கிட்ட இதை எப்படி பேசுறதுன்னு தயக்கமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு. நான் இப்ப ஒரு ஞாயித்துக்கிழமை போய் பக்கத்துல உக்காந்து, "உங்க பழைய பதிவெல்லாம் படிக்கணும் போல இருக்கு மாமா, திறந்து காட்டுங்க"ன்னு ஆரம்பிப்பேன். ஒரு மணி நேரம் கதை ஓடும். அந்த ஜோர்லயே டேக்அவுட், மீட்பு நம்பர், மேனேஜர் மூணையும் முடிச்சிருவோம். வீட்ல யாராவது தவறிட்டா சிம்மை மட்டும் உடனே விட்றாதீங்க, ஒரு வருஷமாவது சின்ன ரீசார்ஜ் போட்டு உயிரோட வச்சிருங்க.

கடைசியா, எடுத்த பேக்கப்பை வேற ஒரு கம்ப்யூட்டர்ல போட்டு திறந்து பாருங்க. முதல் பதிவு, கடைசி பதிவு, அதிகமா பின்னூட்டம் வந்த பதிவு, படம் நிறைய இருக்குற பதிவு, இந்த நாலும் சரியா வந்தா மத்ததும் வந்திருக்கும். ஜிப் ஃபைல் பேர்ல பிளாக் பேரும் எடுத்த தேதியும் போட்டு வைங்க.